சீல் ஒழுகினால் சீலை மட்டும் பார்க்காதீர்கள்: எம்35ஏ2 ஹப் வேலை

சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கறை தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். புது ஆயில் சீல் வாங்கி, ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடம்) கழற்றி, பழையதை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதை அடித்து மாட்டிவிடுவார்கள். கொஞ்ச நாள் காய்ந்திருக்கும், அப்புறம் அதே இடத்தில் அதே கறை. உடனே சீல் தரமில்லை என்று வேறு கம்பெனி சீலைத் தேடிப் போவார்கள். நான் பார்த்தவரை சீல் தானாகக் கெடுவது குறைவு. ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. ஆட்டம் கண்ட பேரிங்காக இருக்கலாம், அடைபட்ட பிரீதராக (ஆக்சில் ஹவுசிங்கின் காற்றுப்போக்கி) இருக்கலாம், காடி, அதாவது பள்ளத் தடம், விழுந்த ஸ்பிண்டிலாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் சீலை மாற்றினால் வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

என்னிடம் இருப்பது எம்35ஏ2. அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் சுமை வகை லாரி, மூன்று ஆக்சில், மூன்றும் இழுக்கும். காலியாக நிற்கும்போதே கிட்டத்தட்ட ஆறு டன் எடை. கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான், ஆனால் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் உள்ள எந்தப் பழைய கனரக வண்டிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கறையை வைத்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஃபுல் ஃப்ளோட்டிங் என்றால் வண்டியின் எடையை ஆக்சில் ஷாஃப்ட் தாங்குவதில்லை. எடை முழுவதும் ஆக்சில் ஹவுசிங், அதன் முனையில் இருக்கும் ஸ்பிண்டில், அதன்மேல் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், அதன்மேல் ஹப் என்று இறங்குகிறது. ஷாஃப்டின் வேலை திருப்புவது மட்டும். அதனால்தான் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஷாஃப்டை உருவி எடுக்க முடிகிறது. ஸ்பிண்டில் உள்ளே குழாய்போல வெற்றாக இருக்கும், ஷாஃப்ட் அதன் வழியாகத்தான் போகும். கிரவுன் ஹவுசிங்கில் இருக்கும் கியர் ஆயிலும் அதே வழியாக ஹப்பின் வெளி முனைவரை வந்து நிற்கும்.

எம்35-இன் பின் ஹப்பில் பேரிங்குக்கு கியர் ஆயில் கிடையாது, கிரீஸ்தான். ராணுவம் ஜிஏஏ என்று சொல்லும் கிரீஸ். ஆகவே ஒவ்வொரு ஹப்பிலும் இரண்டு சீல். வெளிப்பக்கச் சீல் கியர் ஆயிலை பேரிங் பக்கம் வரவிடாமல் தடுக்கிறது. உள்பக்கச் சீல் கிரீஸை பிரேக் பக்கம் போகவிடாமல் தடுக்கிறது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பிரேக் டிரம்முக்குள் கியர் ஆயில் வந்துவிட்டதென்றால் அது ஒரு சீலைத் தாண்டி வரவில்லை, இரண்டைத் தாண்டி வந்திருக்கிறது. நடுவில் இருந்த பேரிங் கிரீஸையும் கழுவிக்கொண்டுதான் வந்திருக்கிறது. உள்சீலை மட்டும் மாற்றினால் ஏன் பயனில்லை என்பது இதிலேயே தெரியும். வந்து நிற்கும் எண்ணெயைத் தடுப்பது அந்தச் சீலின் வேலையே இல்லை, கிரீஸைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை.

சரி, கறை எங்கே இருக்கிறது? சக்கரத்தின் வெளிப்பக்கம், ஹப் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிக் கோடு கோடாக விசிறியிருந்தால் அது சீல் கசிவே இல்லை. ஆக்சில் ஷாஃப்டின் தட்டும் ஹப்பும் சேரும் இடத்தில் உள்ள பேக்கிங் போயிருக்கிறது, அல்லது அந்த போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. ஹப்பையே கழற்றாமல் முடியக்கூடிய வேலை. போல்ட் தளர்ந்திருந்தால் துளைகள் நீள்வட்டமாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். உள்பக்க டயரின் சுவரிலோ பிரேக் தட்டின் அடியிலோ ஈரம் இருந்தால்தான் பெரிய வேலை. அதிலும் ஒரு சந்தேகம் தீர வேண்டும், வருவது கியர் ஆயிலா பிரேக் ஆயிலா? விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு, ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது, கெட்டியாகவும் இருக்கும். ராணுவத்திலிருந்து வந்த வண்டிகளில் பலவற்றில் சிலிக்கான் பிரேக் ஆயில்தான் இருக்கும், புதிதாக இருக்கும்போது ஊதா நிறம், வாடை கிட்டத்தட்ட இல்லை. பிரேக் ஆயிலாக இருந்தால் வீல் சிலிண்டர்தான் குற்றவாளி, அதைத் தள்ளிப்போடவே கூடாது. எம்35ஏ2-வில் பிரேக் ஆயில் ஒரே சர்க்யூட். ஒரு சிலிண்டர் முழுசாகக் கைவிட்டால் பத்துச் சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

கியர் ஆயில்தான் என்று உறுதியானால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஆக்சில் ஹவுசிங்கின் மேல் இருக்கும் பிரீதரைப் பாருங்கள். சின்ன மூடி, சேறும் பெயின்ட்டும் படிந்து அது ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ராணுவ வண்டிகளுக்கு டிப்போவில் மேலே மேலே பெயின்ட் அடிப்பார்கள், பிரீதரும் அதில் மூடிப்போயிருக்கும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிற்கும்போது 20 டிகிரியில் இருக்கும் ஆக்சில் ஓடி ஓடி 80 டிகிரி ஆகிறதென்று வையுங்கள். உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், அதாவது ஏறத்தாழ 0.2 பார். சாதாரண உதட்டுச் சீல் பழசாகித் தேய்ந்திருக்கும்போது இந்த அழுத்தமே போதும், எண்ணெயை வெளியே தள்ளிவிடும். வண்டி நின்று ஆறும்போது இதற்கு நேர்மாறாக உள்ளே உறிஞ்சும். சூடான ஆக்சிலோடு தண்ணீரில் இறங்கினால் சட்டென்று ஆறி, சீல் உதட்டைத் தாண்டித் தண்ணீரையே உள்ளே இழுக்கும். பால் கலந்த டீ நிறத்தில் கியர் ஆயில் இருந்தால் அது தண்ணீர். பிரீதரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதினால் காற்று போகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் புதியதே போடுங்கள்.

கூடவே எண்ணெய் அளவையும் பாருங்கள். லெவல் பிளக்கின் கீழ் விளிம்புவரைதான் இருக்க வேண்டும். அதிகம் ஊற்றியிருந்தாலும் ஒழுகும், வண்டியைப் பக்கவாட்டுச் சரிவில் நீண்டநாள் நிறுத்தியிருந்தாலும் தாழ்ந்த பக்கத்து ஹப்புக்கு எண்ணெய் ஓடி நிற்கும். ஒரே ஒரு பக்கம் மட்டும் ஒழுகும் வண்டிகளில் முதலில் அது எப்படி நிறுத்தப்படுகிறது என்று கேட்பேன்.

அடுத்து வண்டியைத் தூக்குவது. இதில் எம்35-க்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. இதன் கை பிரேக் சக்கரங்களில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. டிஃபரன்ஷியல் சாதாரண ஓபன் வகை, ஒரு பக்கம் தடையில்லாமல் சுற்ற முடிந்தால் மறுபக்கத்தையும் பிடித்து நிறுத்தாது. ஆகவே ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலோ, ஒரு ஆக்சில் ஷாஃப்டை உருவினாலோ, அந்த ஆக்சிலின் மறு சக்கரத்துக்குக் கை பிரேக்கின் பிடி போய்விடும். இன்னொரு பின் ஆக்சில் பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் அதையும் தூக்கினால் ஆறு டன் சும்மா உருளத் தயாராக நிற்கிறது. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, சமதளம், கெட்டியான தரை, ஆக்சிலுக்கு அடியில் தகுந்த எடை தாங்கும் ஸ்டாண்டு, இவை நான்கும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு.

சக்கர நட்டில் ஒரு எச்சரிக்கை. இடது பக்கச் சக்கரங்களுக்கு இடதுமரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். போல்ட் முனையில் எழுத்து அடையாளம் இருக்கும், துரு படிந்திருந்தால் தேய்த்துப் பாருங்கள். தெரியாமல் நீளமான குழாய் மாட்டி எதிர்ப்பக்கம் திருப்பினால் ஸ்டட் முறியும். பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் வெளி நட்டைக் கழற்றியதும் உள்ளே சதுர முனையோடு இன்னொரு நட் தெரியும், அது உள்சக்கரத்தைப் பிடிப்பது. பூட்டும்போதும் அதை முதலில் இறுக்கிவிட்டுத்தான் வெளிச்சக்கரம்.

ஷாஃப்ட் தட்டின் போல்ட்டுகளை எடுத்ததும் அது அப்படியே வராது, பேக்கிங்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உளியை இடுக்கில் செருகி நெம்ப வேண்டாம், பரப்பில் விழும் ஒவ்வொரு வடுவும் பின்னால் ஒரு கசிவு. தட்டில் மரையிட்ட துளை இருந்தால் அதில் போல்ட்டைச் செருகி இறுக்கினால் தானே வெளியே வரும். அடியில் ஒரு தட்டு வையுங்கள், எண்ணெய் கொட்டும்.

உள்ளே இரண்டு பெரிய நட், நடுவில் பூட்டு வாஷர். வெளி நட்டுக்கு லாக் நட் வேலை, உள் நட்தான் பேரிங்கின் ஆட்டத்தைத் தீர்மானிப்பது. பல வண்டிகளில் இந்த நட்டுகளின் மூலைகள் உளியால் அடிபட்டு நசுங்கியிருக்கும். இதற்கென்று பெரிய சாக்கெட் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். உளியால் அடித்து இறுக்கிய நட்டை யாராலும் சரியான அளவில் இறுக்க முடியாது.

எம்35-இல் டிரம் உள்பக்கம் இருப்பதால் ஹப்பும் டிரம்மும் சேர்ந்துதான் வரும். கனமான உருப்படி. டிரம்மின் விளிம்பில் தேய்மானத் திட்டு இருந்தால் ஷூவில் மாட்டிக்கொள்ளும், முதலில் ஷூவைத் தளர்த்திவிடுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம், ஈரத்துணியால் துடைத்து எடுத்து மூடிப் போடுங்கள்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது: பேரிங்கைப் படிப்பது. கழுவி, துடைத்து, நல்ல வெளிச்சத்தில் கப்பையும் (ஹப்பில் உட்காரும் வெளிவளையம்) ரோலரையும் நிதானமாகப் பார்த்தால் வண்டியின் வரலாறே அதில் இருக்கிறது. காற்றடித்துக் காயவைக்கும்போது பேரிங்கை விர்ரென்று சுழலவிடாதீர்கள், கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் பரப்பு கெடும், கூடு உடைந்து ரோலர் தெறிக்கவும் கூடும்.

நல்ல பேரிங்கில் கப்பின் ஓடுபாதை முழுவதும் ஒரே சாம்பல் மினுமினுப்பாக இருக்கும். நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் சூடேறியிருக்கிறது, ஒன்று அதிகம் இறுக்கியிருக்கிறார்கள் அல்லது கிரீஸ் போய்விட்டது. அது கடினத்தன்மையை இழந்த இரும்பு, திரும்பப் போடக்கூடாது. மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ராணுவ வண்டிகளில் நான் கவனமாகத் தேடுவது வேறொன்றை: ரோலர்கள் இருக்கும் இடைவெளியிலேயே வரிசையாக விழுந்திருக்கும் கோடுகள். அவை கறுப்பாக, அரித்ததுபோல இருந்தால் தண்ணீர். வண்டி வருடக்கணக்கில் டிப்போவில் நகராமல் நின்றிருக்கும், ரோலர் கப்பைத் தொடும் கோட்டில் ஈரம் தங்கித் துருப்பிடித்திருக்கும். கறுப்பாக இல்லாமல் பள்ளம்போல மட்டும் தெரிந்தால் அது நின்ற நிலையில் ஏற்பட்ட அதிர்வால். ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிப்போகும்போது சக்கரம் சுற்றாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும், ரோலர் ஒரே இடத்தில் நுண்ணிய அளவில் உரசி உரசி கிரீஸைத் தள்ளிவிட்டு இரும்பைத் தின்னும். 1930-களில் அமெரிக்காவில் புதுக் கார்களை ரயிலில் நெடுந்தூரம் அனுப்பியபோது இதே கோளாறு வந்து பொறியாளர்கள் அதைத் தனியாக ஆராய்ந்தார்கள். ஓடோமீட்டரில் தூரம் குறைவு என்பதால் பேரிங் புதுசுபோல இருக்கும் என்று நம்பி விடுகிறவர்கள் இந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும். ஓடாமல் நின்ற வண்டியின் பேரிங்தான் பலநேரம் அதிகம் ஓடிய வண்டியுடையதைவிட மோசமாக இருக்கிறது.

இதற்கும் சீலுக்கும் என்ன தொடர்பு? சீலின் உதடு ஒரு மெல்லிய ரப்பர் விளிம்பு, சுற்றிலும் ஒரு சுருள் ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டிருக்கிறது. மையம் மாறாமல் ஹப் சுற்றினால்தான் அது பரப்பில் ஒரே சீராக அழுந்தும். பேரிங் ஆடினால் ஹப் தள்ளாடும், ஒவ்வொரு சுற்றிலும் உதட்டின் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் விலகும். எவ்வளவு நல்ல சீலானாலும் இதைத் தாங்காது. அதனால்தான் பேரிங் நன்றாக இருக்கிறதென்று உறுதியாகாமல் சீலைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

பேரிங் மாற்றுவதென்றால் கப்பையும் கோனையும் (ரோலர்களோடு கூடிய உள்வளையம்) சேர்த்தே மாற்ற வேண்டும். புதுக் கோனைப் பழைய கப்பில் ஓடவிட்டால் பழையதன் வடு புதியதில் பதியும். பழைய கப்பை வெளியே தள்ளப் பித்தளைக் கம்பி, ஒரு பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றி. புதுக் கப்பை உறைபெட்டியில் வைத்து எடுத்து, ஹப்பைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டால் சுலபமாக இறங்கும். அது அடியில் போய் உட்காரும் கணத்தில் சுத்தியல் சத்தம் மாறும், மந்தமான ஒலி போய்க் கணீரென்று கேட்கும். சத்தத்தை மட்டும் நம்பாமல், கப்புக்கும் அதன் படிக்கும் இடையில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் எங்காவது நுழைகிறதா என்று சுற்றிலும் பாருங்கள். நுழைந்தால் கப் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, இன்று சரியாக இறுக்கிய நட் நாளை தளரும்.

அப்புறம் ஸ்பிண்டிலில் சீல் ஓடும் பரப்பு. நகத்தை அதன்மேல் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் காடி விழுந்திருக்கிறது. ரப்பர் எப்படி இரும்பைத் தேய்க்கும் என்று கேட்பார்கள், தேய்ப்பது ரப்பர் இல்லை, அதனடியில் சிக்கிய மண்ணும் துருவும். லேசான தடம் என்றால் நுண்ணிய எமரித் தாளால் சுற்றுவாக்கில் மட்டும் தேய்த்துவிடலாம், நீளவாக்கில் தேய்த்தால் எண்ணெய்க்கு நீங்களே வாய்க்கால் வெட்டுகிறீர்கள். ஆழமான காடிக்கு ஸ்லீவ் போடுவதுதான் வழி. எஸ்கேஎஃப் விற்கும் ஸ்பீடி ஸ்லீவ் போன்றவை சுமார் 0.28 மி.மீ. தடிமன்தான் இருக்கும், அதனால் பழைய அளவுச் சீலையே அதன்மேல் போடலாம். ஸ்லீவ் கிடைக்காவிட்டால், இடம் இருந்தால், சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்பின் தள்ளி உட்காரவைத்து உதடு தேயாத இடத்தில் ஓடும்படி செய்யலாம். எளிய வழி, நன்றாக வேலை செய்கிறது.

இன்னொரு கள்ளவழி ஸ்பிண்டில் மரையிலேயே இருக்கிறது. பூட்டு வாஷரின் நாக்கு உட்காருவதற்காக மரையின் குறுக்கே நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். வெளிச்சீல் முற்றிலும் சரியாக இருந்தாலும் கியர் ஆயில் இந்தக் காடி வழியாக நட்டுகளுக்கு அடியில் நுழைந்து பேரிங் அறைக்குப் போய்விடும். சீல் மாற்றி மாற்றி அலுத்துப்போன பல எம்35 சொந்தக்காரர்களின் பிரச்சினை இதுதான். நட்டுகளை இறுக்கி முடிக்கும்போது காடியை எண்ணெய் போகத் துடைத்து, ஆர்டிவி சிலிக்கானை (தானாகக் காய்ந்து ரப்பர்போல ஆகும் பசை) அதில் நிரப்பிவிட்டால் வழி அடைபடும். நிரப்பினால் போதும், அப்பக் கூடாது. பிதுங்கிய சிலிக்கான் துண்டு பிய்ந்து போய் பேரிங்கில் விழக்கூடாது அல்லவா.

வெளிச்சீலையே போடாமல் விட்டு, கியர் ஆயிலே பேரிங்கை நனைக்கட்டும் என்று சிலர் செய்கிறார்கள். இன்றைய கனரக லாரிகள் பலவற்றில் டிரைவ் ஆக்சில் பேரிங் அப்படித்தான் ஓடுகிறது, தவறான கொள்கை இல்லை. ஆனால் அவற்றின் உள்சீல் எண்ணெய்க்காகவே செய்யப்பட்டது. எம்35-இல் அந்த மாற்றத்தைச் செய்வதானால் உள்சீலையும் அதற்கேற்றதாக மாற்ற வேண்டும். பாதி மாற்றம் செய்தால் பிரேக்தான் நனையும். நான் கிரீஸிலேயே வைத்திருக்கிறேன்.

கிரீஸ் விஷயத்தில் பழையதைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் புதியதைப் போடுங்கள், வெவ்வேறு அடிப்படையில் செய்த கிரீஸ்களைக் கலந்தால் சில ஜோடிகள் இளகித் தண்ணீராக ஓடும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர் இடுக்குகளில் பிதுங்கி வரும்வரை ஏற்றுங்கள். ஹப்பின் உள்குழியில் கப்பின் உள்விளிம்பு மட்டத்துக்கு வந்தால் போதும். குழி முழுவதையும் அடைத்தால் கிரீஸ் கடைந்து சூடேறி, விரிந்து, நீங்கள் இப்போதுதான் போட்ட சீலையே தள்ளும்.

சீலை மாட்டும்போது எந்தப் பக்கம் என்பதில் குழப்பமே வேண்டாம். எதைத் தடுக்க வேண்டுமோ அதை நோக்கி ஸ்பிரிங் உள்ள பக்கம். வெளிவிளிம்பில் மெல்லிய சீலன்ட், உதட்டில் கொஞ்சம் கிரீஸ். காய்ந்த உதடு முதல் சில சுற்றுகளிலேயே கருகிவிடும். தட்டையான தட்டு அல்லது அளவான குழாய்த் துண்டு வைத்து நேராக இறக்குங்கள், ஓரத்தில் சுத்தியலால் தட்டினால் கோணலாகும். 1940-களின் லாரி வைத்திருப்பவர்களுக்கு ரப்பருக்குப் பதில் தோல் சீல் வரலாம், அதை மாட்டுமுன் எண்ணெயில் நன்றாக ஊறவைக்க வேண்டும்.

புதுச் சீல்கள் அதிகம் சாவது ஓட்டத்தில் இல்லை, ஹப்பைத் திரும்ப ஏற்றும் அந்த அரை நிமிடத்தில்தான். டிரம்மோடு சேர்ந்த கனம் முழுவதும் ஸ்பிண்டில் மரையின்மேல் சாய்ந்தால், சீலின் உதடு அந்த மரையில் உரசிக் கிழியும், ஸ்பிரிங் கழன்று விழும், வெளியிலிருந்து எதுவும் தெரியாது. கையால் தூக்கி ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஹப்பை ஒரு ஜாக்கியிலோ வீல் டாலியிலோ வைத்து ஸ்பிண்டில் மட்டத்துக்கு மில்லிமீட்டர் சுத்தமாகக் கொண்டுவந்து, நேராகத் தள்ளுங்கள். மரையின்மேல் டேப் சுற்றிவிட்டு, ஹப் உள்ளே போனதும் எடுத்துவிடுங்கள். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், "அண்ணே, இதுக்கு இவ்வளவு நேரமா?" என்று கேட்பார். ஆமாம், இதற்குத்தான் நேரம்.

பேரிங் ஆட்டம் வைப்பதற்கு உங்கள் வண்டியின் கையேடுதான் கடைசி வார்த்தை, எம்35ஏ2-க்கு டிஎம் 9-2320-361-20. முறையின் தர்க்கத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்க லாரித் துறையின் டிஎம்சி குழு வகுத்த பொதுப் பரிந்துரை உதவும்: ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை சுமார் 270 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி ரோலர்களை அதனதன் இடத்தில் உட்காரவைப்பது, ஒரு முழுச் சுற்று தளர்த்துவது, மறுபடி சுற்றிக்கொண்டே சுமார் 68 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவது, அப்புறம் ஆக்சிலையும் மரையின் நெருக்கத்தையும் பொறுத்துக் கொஞ்சம் தளர்த்திப் பூட்டுவது. முடிவில் இருக்க வேண்டிய ஆட்டம் 0.025 முதல் 0.13 மி.மீ.-க்குள். சுற்றிக்கொண்டே இறுக்குவது என்பதை விட்டுவிடாதீர்கள். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் சாய்ந்த நிலையிலேயே நிற்கும், டார்க் ரெஞ்ச் க்ளிக் என்று சொல்லும், முதல் கிலோமீட்டரிலேயே ரோலர்கள் இடம் மாறி நட் தளர்ந்துவிடும்.

லாக் நட்டை இறுக்கும்போது ஆட்டம் குறையும் என்பதும் முக்கியம், ஏனென்றால் மரையில் இருக்கும் சிறு இடைவெளியை அது அமுக்கி உள் நட்டை இன்னும் உள்ளே தள்ளுகிறது. ஆகவே அளவு எடுப்பது லாக் நட் இறுக்கிய பிறகு. டயல் கேஜின் காந்தத்தை ஹப்பில் ஒட்டி, ஊசியை ஸ்பிண்டில் முனையில் வைத்து, ஹப்பை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் மகிழ வேண்டாம், அதற்குக் கீழே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டேப்பர் பேரிங் கொஞ்சம் தளர்வில் நீண்டகாலம் ஓடும், கொஞ்சம் இறுக்கத்தில் சீக்கிரம் வேகும். வாஷரின் பூட்டை மறக்காமல் போடுங்கள்.

எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெட்ரோலில் கழுவுவது, தீயில் காட்டுவது எல்லாம் நான் செய்ய மாட்டேன். மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் லைனிங் உள்ளே குடித்த எண்ணெய் அடுத்த பெரிய இறக்கத்தில் சூடேறியதும் வெளியே வரும், அப்போது ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கும். லைனிங்கை மாற்றுங்கள், அதே ஆக்சிலின் மறுபக்கத்தையும் சேர்த்து. டிரம்மை நன்றாகக் கழுவுங்கள்.

முன் ஆக்சிலில் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஷாஃப்டின் நடுவில் ரெஸப்பா ஜாயின்ட் (சக்கரம் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) இருக்கிறது, அதை மூடி ரப்பர் உறை. ஆக்சில் குழாய் முனையில் இருக்கும் உள்சீல் போனால் கியர் ஆயில் அந்த உறைக்குள் வந்து கிரீஸை இளக்கும், உறை உப்பிக் கனத்துத் தொங்கும், கிளாம்ப் இடுக்கில் கறுப்பாகச் சொட்டும். உறையை மாற்றினால் தீராது, ஸ்பிண்டிலைக் கழற்றி ஷாஃப்டை உருவி உள்சீலையே பார்க்க வேண்டும். முன்சக்கரம் ஆடுகிறதென்றால் பேரிங் என்று முடிவுகட்டாதீர்கள், கிங் பின்னாகவும் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) இருக்கலாம். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்.

எல்லாம் பூட்டி, கிரவுன் எண்ணெயை அளவுக்கு ஊற்றி முடித்த பிறகு முதல் ஓட்டத்தை நெடுந்தூரம் வைத்துக்கொள்ளாதீர்கள். சில கிலோமீட்டர் போய், கூடியவரை பிரேக்கைக் கடுமையாகப் பிடிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள், வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. எண் எவ்வளவு என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் பேசும். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், அங்கே பேரிங் இறுகியிருக்கிறது அல்லது ஷூ உரசுகிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் எது என்று தெரிந்துவிடும். நூறு கிலோமீட்டர் வாக்கில் சக்கர நட்டுகளையும் ஷாஃப்ட் தட்டின் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், இடது பக்கத்தில் திசையை நினைவில் வைத்துக்கொண்டு.